தலைமாட்டுப் பாதி

"இன்னும் பத்தே வருஷம். அதுக்கப்புறம் இந்த ஒலகத்துல எவனும் வெதைக்க மாட்டான்."

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டே வீரமணி இதைச் சொன்னான். குரலில் துளிகூட விளையாட்டு இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரியின் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வரகைப் பற்றி ஆராய்ச்சி செய்து, முனைவர் பட்டத்துக்குக் காத்திருப்பவன் அவன். உலகத்தில் எது எப்போது ஒழியும் என்று கேட்டால் அவனிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

பெரியப்பா பெரியசாமி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நாளைக்குப் பால் தெளிக்க நவதானியம் யாரு வாங்கியாரதுன்னு கேட்டன். ஒலகத்தப் பத்தி நான் கேக்கல."

"அதத்தான் பெரிப்பா சொல்றேன். வெதைங்கறதே பழைய ஏற்பாடு. பொணத்து மேல ஒம்போது தானியத்த வாரி எறைக்கிறது அதவிடப் பழசு. முளைச்சு என்னா பண்ணப் போவுது? அறுப்பறுக்கப் போறமா?"

பெஞ்சியில் கிடந்த அப்பா மாயவன் ஒன்றும் சொல்லவில்லை. தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டியிருந்தார்கள். மாயவனின் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. எழவுக்கு வந்தவர்கள் மாலை போட்டுவிட்டு அந்த வாயைத்தான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

காலையில் கஞ்சி குடித்துவிட்டு வரகுக் காட்டுக்குப் போனவர், வரப்பில் ஏறிய யாருடைய ஆட்டையோ அதன் பாட்டன் முப்பாட்டன் வரை போய்த் திட்டிக்கொண்டிருந்தாராம். திட்டு பாதியில் நின்றது. என்ன இது, இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே என்று பக்கத்துக் கொல்லைக்காரர் எட்டிப் பார்த்தபோது அவர் வரப்பில் சாய்ந்து கிடந்தார். ஆடு தப்பித்துவிட்டது.

ஊர் ரெட்டிபாளையத்துக்கு மேற்கே, சிமெண்டு லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது அரியலூர், ஒரு வருஷம் தனி மாவட்டமாக வாழ்ந்து பார்த்துவிட்டு, வாழாவெட்டியாகப் பெரம்பலூருக்கே திரும்பி வந்திருந்த சமயம். அந்த ஊரில் வீரமணியின் பங்காளிகள் பிணத்தைப் புதைப்பார்கள். மறுநாள் காலை குழிமேட்டை மண் குழைத்து மெழுகி, பால் தெளித்து, நவதானியம் விதைப்பார்கள். கருமாதியன்று விடிந்ததும் எல்லோருமாகப் போய் முளை பார்ப்பார்கள். முளை பச்சையாக எழும்பியிருந்தால் செத்தவர் மனசு ஆறிப் போனார் என்று அர்த்தம். எழும்பாவிட்டால் விதைத்தவன் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். முளை கண்ட பிள்ளைக்குத்தான் தாய்மாமன் முதலில் தலையில் உருமாத் துணி கட்டுவார்.

மாயவன் உயிரோடு இருந்தபோது அவருடைய கோபத்தைத் தெரிந்துகொள்ள யாரும் கருமாதி வரைக்கும் காத்திருந்ததில்லை.

"நவதானியம் நான் வாங்கியாரேன்" என்று சொல்லிக்கொண்டே தம்பி ராசாங்கம் உள்ளே வந்தான். சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். எவ்வளவு குளித்தாலும் காதுமடலில் சாம்பல் நிறம் போகாது. "வாங்கியாரதும் நான்தான். வெதைக்கப் போறதும் நான்தான். அண்ணனுக்கு அதுல நம்பிக்க இல்லயில்ல? அப்பறமென்ன."

"மூத்தவன் இருக்கறப்ப நீ எப்பிட்றா?" என்றார் பெரியசாமி.

"அப்பாவே சொன்னாருங்க பெரிப்பா. அம்மாவக் கேளுங்க. 'சூல் பயிர அறுத்த கை. நான் செத்தா அந்தக் கை எம்மேல வெதைக்கக் கூடாது'ன்னாரு. ஆடியில சொன்னது."

வீரமணி நிமிர்ந்தான். கட்டைவிரல் முடிச்சு கையிலேயே நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். கொளஞ்சியம்மாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் பார்ப்பது தெரிந்தும் ஈயைத்தான் விரட்டினாள்.

அதுவரை நவதானியம் மூடநம்பிக்கையாக இருந்தது. தம்பி கூடாது என்ற நொடியில் அது வீரமணியின் பிறப்புரிமையாகிவிட்டது.

"நான்தான் வெதைப்பேன்" என்றான்.

*

சூல் பயிர் அறுத்த கதை ஊருக்கே தெரியும்.

வரகுக் கதிர் வெளியே தலைகாட்டுவதற்கு முன், தண்டுக்குள் சுருண்டு கிடக்கும். வீரமணிக்கு வேண்டியது அந்தக் கதிர்தான். அதை உரித்தெடுத்து, பொடியாக நறுக்கி, சர்க்கரையும் உப்பும் மருந்தும் கலந்த கூழில் வைத்தால், துண்டு வீங்கி ரவை உருண்டைபோல் ஒரு கட்டியாகும். கட்டியிலிருந்து பச்சை முளைகள் கிளம்பும். விதையே இல்லாமல் பயிர். கூழில் வளரும்போது சில கட்டிகள் குணம் மாறும். அதில் நல்லதைப் பொறுக்கியெடுத்தால், காற்றுக்குச் சாயாத, எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றுகிற புது வரகு கிடைக்கும். இதெல்லாம் உண்மை. வீரமணி பொய் சொல்கிறவன் இல்லை. உண்மையை மற்றவர் தலையில் கல்லாகப் போடுகிறவன், அவ்வளவுதான்.

போன வருஷம் அவன் கதிர் தேடி அப்பாவின் காட்டுக்கு வந்து, நின்ற பயிரைப் பிளந்து பிளந்து எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போனான். மாயவன் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்: "வவுத்துப் புள்ளய அறுத்து எடுத்துட்டு, அதுக்குப் புட்டிப்பால் குடுத்து வளக்குறானாம் எம்மவன். பெரிய படிப்பு."

அந்தப் புட்டிப் பிள்ளைகள் வளர்ந்து, வேர் விட்டு, இந்த வருஷம் ஆனியில் காட்டு மூலையில் நடப்பட்டன. மேலே பிளாஸ்டிக் கூடாரம், சுற்றிலும் முள். மறுநாள் பிளாஸ்டிக் இருந்தது, முள் இருந்தது, செடி இல்லை. மாயவனுடைய ஆடு அருகில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று வீரமணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். யார் அவிழ்த்துவிட்டது என்பதுதான் அந்தக் கேள்வி.

"நல்லாருக்குன்னுச்சு" என்றார் மாயவன்.

வீரமணி பதிலடிக்கு ஆடி மாதம் வரை காத்திருந்தான். மாயவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. விதைப்பு நாளன்று பானையிலிருந்து முதல் பிடி வரகை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவார். தெரு முழுக்க அப்படியே நடந்து காட்டுக்குப் போய், ஏர் கிழித்த முதல் படைச்சாலில் குனிந்து அதைத் துப்புவார். அதன் பிறகுதான் கை விதைப்பு. அவருடைய அப்பன் செய்தாரா, அவரே கண்டுபிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டால் திட்டு விழும். வருஷத்தில் அந்த ஒரு நடைக்குத்தான் அவர் வாயிலிருந்து திட்டு வராது. தெருவில் பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து அவருக்கு முன்னால் ஆடுவார்கள், பழிப்புக் காட்டுவார்கள். அவர் கன்னம் உப்பிய முகத்தோடு முறைத்துக்கொண்டே போவார்.

இந்த ஆடியிலும் அப்படிப் போனார். வீரமணி டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவர் தாண்டும்வரை பொறுத்துவிட்டு, கடைக்கே கேட்கும்படி சொன்னான்: "எங்க லேப்ல கையில ஸ்பிரிட்ட ஊத்திக் கழுவாம ஒரு வெதையத் தொட வுடமாட்டாங்க. எங்கப்பா வாயில இருக்கற கிருமிய எண்ணுனா நாட்டு ஜனத்தொகை தோத்துப் போவும். அதுல ஊறுன வெதை பயிரா வருமா, பேதியா வருமா?"

கடை சிரித்தது. மாயவன் தாண்டிப் போயிருந்தாரே தவிர, தூரம் போயிருக்கவில்லை. திரும்பினார். வாயில் விதை. திட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காட்டை நோக்கி நடந்தார்.

அதன் பிறகு அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

*

சாயங்காலம் அடக்கம் முடிந்தது. வீரமணி மொட்டையடித்துக்கொண்டு, குடம் தூக்கி, முதல் மண் தள்ளினான். அதை யாரும் தடுக்கவில்லை. குடத்தைப் பற்றி மாயவன் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

விதைப்புக்கு மட்டும் பஞ்சாயத்து நடந்தது. பெரியசாமி கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "குழிமேட்டுக்குக் குறுக்க ஒரு குச்சியப் போடுவம். தலைமாடு மூத்தவன். கால்மாடு எளையவன். முளைக்கிறத வெச்சு மாயவன் என்னா நெனைக்கிறான்னு அவனே சொல்லட்டும். ரெண்டு பேரும் இனிமே எங்கிட்ட கத்தாதீங்க."

விடிகாலையில் வீரமணி தன் பங்கு தானியத்தைக் கொல்லைப்புறம் கொண்டுபோனான். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கடலை, மொச்சை, எள்ளு, உளுந்து, கொள்ளு. அரியலூர் மளிகைக்கடையில் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது. ஒன்பதில் வரகு இல்லை. மாயவன் தன் வாழ்நாளில் வரகைத் தவிர எதையும் விதைத்ததில்லை. செத்த பிறகு அவர் மேல் கோதுமை விதைக்கப் போகிறார்கள்.

பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான். பூஞ்சை வாடை. வண்டு ஓடியது. இதை அப்படியே போட்டால் பாதி அழுகும். அழுகினால் அப்பன் கோபம் என்பார்கள். வீரமணிக்கு அப்பனின் கோபத்தில் நம்பிக்கை இல்லை, பூஞ்சையில் நம்பிக்கை இருந்தது. செய்வதைச் சுத்தமாகச் செய்வோம் என்று முடிவு செய்தான்.

எழவு வீட்டுச் சாக்கடையில் தெளிக்கப் பஞ்சாயத்து ஆள் பிளீச்சிங் பவுடர் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆய்வகத்திலும் விதைக்கு முதல் குளியல் கிட்டத்தட்ட அதுதான். ஒரு எவர்சில்வர் போசியில் தண்ணீர் விட்டு, பவுடரைக் கலக்கி, தானியத்தைக் கொட்டினான். ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் இருந்தால் போதும். கிருமி செத்துவிடும், விதை பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் விட்டால் கிருமியோடு விதையும் சேர்ந்து போகும். முதல் வருஷ மாணவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது.

"என்னாண்ணே இது, கக்கூஸ் கழுவுன நாத்தம்?"

ராசாங்கம் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். ராத்திரி தூங்காத கண்.

"சுத்தம் பண்றேன். ஒனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாதுதான். சூல அறுத்தா குடும்பத்துல ஒரு உசுரு போவும்னு அப்பா சொன்னப்பகூட ஒனக்குப் புரியல. போயிடுச்சு. இப்பப் புரியுதா?"

"டேய், படிக்காட்டியும் பரவால்ல, பைத்தியம் மாதிரிப் பேசாத. நெஞ்ச அடைக்குது, நெஞ்ச அடைக்குதுன்னு பத்து நாளாச் சொல்லியிருக்காரு. பக்கத்துலயே இருந்தவன் நீ. ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போவுல?"

"எனக்கு ஷிப்ட்டு இருந்துச்சு."

"மூட்ட தூக்கற ஷிப்ட்டு! அப்பன் சாவறத விட மூட்ட முக்கியம்!"

"ஒனக்கு பாட்டிலு முக்கியம்! நெஞ்ச அடைக்குதுன்னு ஒனக்கும்தான் அம்மா போன் போட்டுச்சு. நீ என்னா சொன்ன? 'வாயக் கொறச்சாச் செரியாப் போவும்'ன்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

வீரமணி சொல்லியிருந்தான்.

கையை ஓங்கினான். ராசாங்கம் அந்தக் கையைப் பிடித்தான். மூட்டை தூக்கிய கை. வீரமணியின் கை அதற்குள் ஒரு கதிரைப்போல் அடங்கிவிட்டது. பிடித்தபடியே இருவரும் கொல்லையில் சுற்றினார்கள். பூசணிக்கொடி மிதிபட்டது. பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. யாருக்கு முதல் சைக்கிள், யாருக்குப் படிப்பு, யாருக்கு அடி. அக்கம்பக்கம் வந்து விலக்கி, விலக்கியவர்களுக்கும் ஆளுக்கொரு கட்சி இருந்ததால் அவர்களும் கத்தி, வெயில் கொல்லைச் சுவரைத் தாண்டி ஏறிவிட்டது.

கடைசியில் கொளஞ்சியம்மாள் வந்தாள். கையில் பால் சொம்பு.

"ரெண்டு பேரும் சேந்துதான்டா கொன்னீங்க" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். "போயிப் பால ஊத்துங்க. திரிஞ்சுடப் போவுது."

வீரமணி போசியைத் தேடிப் போனான். தானியம் வெளுத்துப்போய் தும்பைப் பூவாக இருந்தது. எள்ளுகூடக் கறுப்பை விட்டுக் கொடுத்திருந்தது. குடத்துத் தண்ணீரில் அலசி அலசி ஊற்றினான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவன் யோசிக்கவில்லை. சண்டை போடுகிறவனுக்கு எவ்வளவு நீண்ட சண்டையும் இரண்டு வார்த்தை நேரம்தான். இவ்வளவு சுத்தமான நவதானியத்தை அந்த ஊர்ச் சுடுகாடு பார்த்ததில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

தலைமாட்டில் வரிசை பிடித்து, ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் விரலால் குழித்து விதைத்தான். ராசாங்கம் கால்மாட்டில் அள்ளி இறைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

*

வீரமணி கருமாதி வரை ஊரிலேயே இருந்தான். ஆய்வகத்தில் அவன் பாட்டில்களை லப்பைக்குடிகாட்டுக்காரன் நிஜாமுதீன் பார்த்துக்கொண்டான். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவன் மக்காச்சோளத்தையும் இவன் வரகையும் நறுக்குகிறவர்கள். ஐப்பசித் தூறல் இரண்டு தடவை விழுந்தது. வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை. ராசாங்கம் சாப்பிட்டு எழுந்த பிறகு வீரமணி உட்காருவான். கொளஞ்சியம்மாள் இருவருக்கும் ஒரே குழம்பை, ஒரே முகத்தோடு ஊற்றினாள்.

முளை பார்க்கும்வரை சுடுகாட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது. வீரமணி அந்த விதியையும் கேலி செய்தான். ஆனால் போகவில்லை.

கருமாதியன்று விடிந்ததும் பங்காளிகள், தாய்மாமன் முத்துசாமி, கொளஞ்சியம்மாள், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் கிளம்பினார்கள். முதல் பஸ்ஸில் வந்திருந்த நிஜாமுதீனும் கூட நடந்தான்.

தூரத்திலிருந்தே தெரிந்தது.

கால்மாடு புதர்போல் எழும்பியிருந்தது. பயறும் மொச்சையும் இலை விரித்து, கோதுமை நிமிர்ந்து, கொள்ளு ஒன்றோடொன்று பின்னி, குறுக்கே கிடந்த குச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. குச்சிக்கு இந்தப் பக்கம் மண். ஈர மண், மெழுகியது மெழுகியபடி. வரிசையாக விரல் குழித்த தடம்கூட அழியவில்லை. ஒன்றும் முளைக்கவில்லை.

பெரியசாமியால்தான் வாயை அடக்க முடியவில்லை.

"மூத்தவன் தலையும் மொட்ட, அப்பன் தலைமாடும் மொட்ட" என்றார். "பொருத்தம் பாத்தாப்புல இருக்கு."

இரண்டு பேர் சிரித்து, கொளஞ்சியம்மாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் தலைமாட்டுப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகம் இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணி அங்கே உள்ளங்கையை வைத்தாள்.

"ஆறலியா ஒனக்கு?" என்றாள் மண்ணிடம். "புள்ளதான? என்னமோ சொல்லிட்டான். போயும் போயும் இதுலயா காட்டுவ?"

வீரமணிக்கு வாய் வரைக்கும் வந்தது. இதுக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லம்மா என்று ஆரம்பித்து முழுப் பாடத்தையும் சொல்லியிருக்கலாம். நிஜாமுதீன் அவன் முழங்கையைத் தொட்டுக் கொஞ்சம் அப்பால் கூட்டிப்போனான்.

"வீரா, எதுலடா ஊற வெச்ச?"

"எப்படித் தெரியும்?"

"வரிச பாத்தாத் தெரியாதா? ஸ்கேல் வெச்சு வெதைக்கிறவன் சும்மாவா வெதைச்சிருப்ப? எதுல?"

"பிளீச்சிங் பவுடர்."

"எவ்ளோ நேரம்?"

கொல்லைச் சுவரும், அதைத் தாண்டி ஏறிய வெயிலும் வீரமணிக்கு முன்னால் வந்து நின்றன. அதற்கு நடுவில், சத்தமே போடாமல், ஒரு எவர்சில்வர் போசி.

நிஜாமுதீன் அவன் முகத்தைப் பார்த்தான். எந்தப் பாட்டிலில் பூஞ்சை பிடித்தாலும் ஒரு வாரம் கேலி செய்கிறவன். "யா அல்லா" என்று மட்டும் முனகினான். பிறகு, "அம்மாகிட்டப் போயிச் சொல்லு. அத்தா கோவம் இல்லம்மா, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லு" என்றான்.

"சொன்னா?"

"அம்மா கைய எடுக்கும்ல, அங்கேருந்து."

வீரமணி திரும்பிப் போய் அம்மாவின் அருகில் நின்றான். "யம்மா, அவரு கோவம் இல்லம்மா. வெதையக் கொன்னது நான்தான். மருந்துத் தண்ணியில அதிகமாப் போட்டுட்டேன். அன்னிக்குச் சண்டையில."

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முத்துசாமி மாமா முதல் உருமாவை ராசாங்கத்துக்குக் கட்டினார். இரண்டாவதை வீரமணிக்குக் கட்டும்போது மொட்டைத் தலையில் துணி நிற்காமல் நழுவியது. "புடிச்சுக்கோ மாப்ள" என்றார். அவன் பிடித்துக்கொண்டான். ராசாங்கம் ஜெயித்தவனைப்போல் இல்லை. பந்தியில் அவன் இலையில் சோறு அப்படியே இருந்தது.

மத்தியானம் நிஜாமுதீன் கிளம்பும்போது சொன்னான்: "ஒரு பாட்டில்ல குட்ட ரகம் நாலு முளை வந்துருக்குடா. நெசமாத்தான். வேர் வுட்டுடுச்சு. வந்து மண்ணுக்கு மாத்து." பத்து நாளைக்கு முன் கேட்டிருந்தால் வீரமணி உலகத்துக்கு ஒரு தேதி குறித்திருப்பான். "ம்" என்றான்.

*

வெயில் தாழ்ந்து, பந்தல்காரர் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வீரமணி உள்ளே போனான். குதிர் மூலையில் மாயவனின் விதைப்பானை இருந்தது. வாயில் கட்டியிருந்த துணியும், அதன் முடிச்சும் அவர் போட்டது. அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆடியில் விதைத்தது போக மிச்சம் அடியில் கிடந்தது. ஒரு பிடி எடுத்தான்.

வெளியே வந்தபோது கொளஞ்சியம்மாள் படியில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பஸ்ஸுக்கா கெளம்புற?" என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை. அவள் தலை தூக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கால்களை மடக்கிக்கொண்டு வழி விட்டாள்.

தெருவில் டீக்கடையைத் தாண்டும்போது யாரோ, "வீரமணி, டீ சாப்புட்டுப் போ" என்றார்கள். தலையை மட்டும் ஆட்டினான். "மரியாதையப் பாத்தியா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றானா பாரு" என்று பின்னால் கேட்டது. நடந்தான். வரகு உமி நாக்கில் முள்ளாகக் குத்தியது. எச்சில் ஊறி ஊறி ஓரத்தில் வழிந்தது. விழுங்கவும் முடியாது.

சுடுகாட்டுத் திருப்பத்தில் ராசாங்கம் பைக்கை நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். பைக் பாதையை மறித்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"இன்னும் என்னா? எங்க போற?"

வீரமணி நின்றான்.

"கேக்கறேன்ல? வாயில என்னா கொழுக்கட்டையா..."

ராசாங்கம் பாதியில் நிறுத்தினான். உப்பியிருந்த கன்னத்தைப் பார்த்தான். பீடியைக் கீழே போட்டு மிதித்தான். பிறகு பைக்கை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளிக்கொண்டான்.

குழிமேட்டில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. கால்மாட்டுப் பயிர் காற்றில் அசைந்தது. வீரமணி தலைமாட்டில் மண்டியிட்டு, தன் பழைய வரிசைகளை உள்ளங்கையால் அழித்தான். ஒரு விரலால் நேரில்லாத கோடு ஒன்று கிழித்தான். குனிந்தான். மூக்கு மண்ணில் பட்டது.

துப்பினான்.

நாலைந்து மணிகள் மோவாயில் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கோட்டுக்குள் வைத்து அழுத்தினான். மண்ணை இழுத்து மூடினான். எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தான்.